கோர்வைக்கு இரண்டு பேர்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்கு ஊதாக் கரை. இரண்டுக்கும் ஊடை தனித்தனி. அவை சேரும் இடத்தில் இழையோடு இழையைப் பிணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். எங்கள் காலத்துக் கைத்தறியில் கோர்வைப் புடவையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்பவர் தறிக்குழியில் காலை விட்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கோத்துக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன்.

ஓரிக்கையில் எங்கள் அப்பாவின் தறிக்கும் அப்படி ஒரு பையன் இருந்தான். 1979-ல் எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அவன் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனுடைய அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அவன் எங்கள் தறியில் உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய் கோர்வை" என்றால் திரும்பிப் பார்ப்பான்.

அவன் காலனியிலிருந்து வருகிறவன். எங்கள் சாதி என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. காஞ்சிபுரத்தில் தெருப் பெயரைச் சொன்னாலே போதும், மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். அவன் எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக வரக்கூடாது. பக்கத்துச் சந்தில் நுழைந்து, பின்கட்டு வழியாகத் தறிக்கூடத்துக்கு வர வேண்டும். பின்கட்டு மாடத்தில் அவனுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அம்மா உயரத் தூக்கிக் காபி ஊற்றுவாள். குடித்துவிட்டு அவனே கழுவிக் கவிழ்ப்பான். அவன் விரல் பட்ட பட்டு, அவன் கோத்த சரிகைக் கரை, யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவையாக மடித்துப் போகும். அதற்குத் தீட்டு இல்லை. அவன் வாய் வைத்த டம்ளருக்கு மட்டும் தீட்டு. இந்தக் கணக்கு அந்த வயதில் எனக்கு விசித்திரமாகவே தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பாலாற்று மணலில் விளையாடுவோம். எங்கள் தெருப் பையன்களும் காலனிப் பையன்களும் ஒரே மணலில், சில நாள் ஒரே ஆட்டத்தில். ஒருநாள் சடுகுடுவில் அவன் என்னைப் பிடித்துவிட்டான். மூச்சு விட்டேனா இல்லையா என்று சண்டை வந்தது. தோற்ற எரிச்சலில் அவன் சாதியைக் குறிக்கும் அந்தச் சொல்லைச் சொல்லித் திட்டினேன். அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கு அச்சில் ஏற்ற மாட்டேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான். "இன்னாடா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு" என்றான். அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. என்னால் இன்னொரு முறை சொல்ல முடியவில்லை. கையில் அள்ளிய மணலைக் கீழே போட்டுவிட்டு அவன் போய்விட்டான்.

மறுநாள் தறிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பாதிப் புடவை தறியில் நின்றது. மூன்றாம் நாள் அப்பா என் காதைத் திருகி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காலனிக்குப் போனார். எனக்குத் தெரிந்து அவர் அங்கே போனது அதுதான் முதல் முறை. என்ன பேசினார் என்று தெரியாது. நான்காம் நாள் அவன் வந்தான், பின்கட்டு வழியாகவே வந்தான். "ஒரு வார்த்தையால மூணு நாள் வேலை போச்சு" என்று அப்பா என்னைக் கடிந்தார். அந்த வார்த்தை தப்பு என்று அவர் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அந்த வார்த்தையை நான் கற்றுக்கொண்டதே அந்த வீட்டில்தானே!

பள்ளியும் வேறு மாதிரி இருந்துவிடவில்லை. உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் "எஸ்ஸி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று ஆசிரியர் சொல்வார். ஏழெட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்போம். யார் யார் என்று அன்றைக்கு எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஆகவே "எங்கள் காலத்தில் சாதியே பார்க்க மாட்டோம்" என்று என் வயதுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பார்த்தோம், நன்றாகப் பார்த்தோம். பார்க்கக் கற்றுக் கொடுத்த பெரியவர்கள் எங்களைச் சுற்றி நிறைய இருந்தார்கள்.

இதில் எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு வருத்தமும் உண்டு. ஓரிக்கை என்ற பெயரே சாதிக்கு எதிரான ஒரு கதையிலிருந்து வந்தது என்று எங்கள் பாட்டி சொல்வாள். திருமழிசை ஆழ்வாரைக் குழந்தையாகப் பிரம்புப் புதரில் கண்டெடுத்து வளர்த்தது பிரம்பு வெட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பம் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். பெரும்புலியூரில் வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் ஓதுவதை நிறுத்திக்கொண்டார்களாம். அவருடைய சீடன் கணிகண்ணன் மன்னனைப் பாட மறுத்தபோது, மன்னன் அவனைக் காஞ்சியை விட்டே போகச் சொன்னான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார், பெருமாளும் வந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை. அதுதான் ஓரிக்கை ஆயிற்று. பிரம்பு வெட்டுகிறவர் வீட்டில் வளர்ந்தவருக்காகக் கடவுள் படுக்கையைச் சுருட்டிய ஊர் இது. இந்தக் கதையை எனக்குச் சொன்ன அதே பாட்டிதான் அந்த அலுமினிய டம்ளரை மாடத்தில் வைத்தவள்.

காஞ்சிபுரத்துக்கு இன்னொரு கதையும் உண்டு, அது ஏட்டில் பதிந்த வரலாறு. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. பிள்ளைகளைச் சாதி பார்த்து உட்கார வைத்த அந்தச் செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. பத்திரிகைகளில் எழுதினார்கள், மேடைகளில் பேசினார்கள், தீர்மானம் போட்டார்கள். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் காங்கிரஸ் மாகாண மாநாடு கூடியது. அங்கே தம்முடைய வகுப்புரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால் பெரியார் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். ஒரு பள்ளிக்கூடத்துப் பந்தியைப் பற்றிய சண்டை பல மாதம் நடந்தது. சண்டை போட்டவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டு பேசினார்கள். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் யோசிக்க அவகாசம் இருந்தது.

நூறு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சண்டை எப்படி நடக்கிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இப்போது தறி இல்லை. தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. மருமகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போய் இரவு வருவார். ஓரிக்கை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான், நல்ல பையன். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பான், எனக்குப் பென்ஷன் மெசேஜ் வந்ததா என்று பார்த்துச் சொல்வான்.

அவன் கைக்குப் போன் வந்ததே பள்ளிக்கூடத்தால்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். பாடம் போனில் வந்தது. எத்தனையோ வீடுகளில் தாலிச் சங்கிலியை அடகு வைத்து ஆளுக்கொரு போன் வாங்கினார்கள். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் 2021 செப்டம்பரில் பள்ளிக்குத் திரும்பியபோது, புத்தகப்பையைத் திரும்ப எடுத்தார்கள், போனைத் திரும்பக் கொடுக்கவில்லை. பள்ளி பெரும்பாலும் மூடியிருந்த ஒன்றரை வருடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கம் விட்டுப் போயிருந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

சென்ற ஆண்டு ஒருநாள் என் போனில் சார்ஜ் இல்லை. ஒருவரைக் கூப்பிடுவதற்காகப் பேரனின் போனை வாங்கினேன். கையில் இருக்கும்போதே டிங் டிங் என்று வந்துகொண்டே இருந்தது. அவர்கள் வகுப்புக்கு இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள். ஒன்றில் ஆசிரியர்கள் இருப்பார்கள், இன்னொன்றில் இருக்க மாட்டார்கள். வந்துகொண்டிருந்தது இரண்டாவது குழுவில். ஒரு பையனின் முகத்தை வெட்டி எடுத்து ஸ்டிக்கர் செய்திருந்தார்கள். முகத்துக்குக் கீழே ஒரு சொல். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் பாலாற்று மணலில் நான் சொன்ன அதே சொல். எழுத்து மாறவில்லை. அன்றைக்கு ஒருவன் காதில் விழுந்தது, இன்றைக்கு நாற்பது பேர் திரையில் விழுந்தது.

பேரனை உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான், பிறகு சொன்னான். யாரோ ஒருவன் குழுவில் ஒரு ரீல்ஸ் போட்டிருக்கிறான். அரிவாள், சிங்கம், வரிசையாகக் கார்கள், பின்னால் ஒரு சாதிப் பாட்டு, மேலே "ஆண்ட பரம்பரை" என்று எழுத்து. அந்தப் பையன் "இத எல்லாம் கிளாஸ் குரூப்ல போடாதீங்கடா" என்று ஒரு வரி எழுதியிருக்கிறான். அந்த ஒரு வரிக்குப் பதிலாக ஒரே இரவில் இருபதுக்கு மேல் ஸ்டிக்கர்கள் வந்திருந்தன. அதற்குப் பிறகு அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை.

"நீ போட்டியா?"

"நான் போடல தாத்தா. சத்தியமா போடல."

"பின்ன?"

"சிரிக்கிற எமோஜி மட்டும்தான் போட்டேன். எல்லாரும் போட்டாங்க."

எல்லாரும் போட்டார்கள். இந்த இரண்டு சொல்லுக்குள் இன்றைய சங்கதி முழுவதும் இருக்கிறது. நான் திட்டியபோது சுற்றி நின்றவர்கள் ஐந்தாறு பேர். அவர்களில் ஒருவன் சிரித்திருந்தால் அவன் முகம் தெரிந்திருக்கும், எதிரே நின்றவன் அதை நினைவில் வைத்திருப்பான். இப்போது சிரிப்பு ஓர் எண்ணிக்கை. பதினெட்டுப் பேர் சிரித்தார்கள் என்று கீழே எழுதியிருக்கிறது. பதினெட்டில் தான் ஒருவன் என்பது சிரித்தவனுக்கே உறைப்பதில்லை. திட்டு வாங்கியவனுக்கோ ஊரே கூடிச் சிரித்ததாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் இதை நிறவெறி என்பார்கள். 2017-ல் கலிஃபோர்னியாவின் ஆல்பனி என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவன் நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருந்தான். உடன் படிக்கும் கறுப்பின மாணவிகளின் படங்களை விலங்குகளோடு சேர்த்தும், கழுத்தில் தூக்குக் கயிறு வரைந்தும் அதில் போட்டிருந்தான். விஷயம் வெளியே வந்தபோது, படம் போட்டவனோடு விருப்பக்குறி இட்டவர்கள் மீதும் பள்ளி நடவடிக்கை எடுத்தது. வெறும் 'லைக்' குற்றமா என்று நீதிமன்றம் வரை போனார்கள். என் பேரன் சொன்ன சமாதானமும் அதுதான். கடல் கடந்து தோலின் நிறம் பார்க்கிறார்கள், இங்கே தெருவின் பெயர் பார்க்கிறார்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் கருவி ஒன்றே.

2009-ல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டபோது நாம் எப்படிக் கொதித்தோம்! "நம் பிள்ளைகளை நிறம் பார்த்து அடிக்கிறார்கள்" என்று தெருவெல்லாம் பேசினோம். அந்தக் கொதிப்பு நியாயமானது. அதே கொதிப்பு காலனிப் பிள்ளைக்காக நம் வீட்டில் வருவதில்லை.

நம் வட்டாரத்தில் இப்படி நடக்காது, அதெல்லாம் தெற்கத்திப் பழக்கம் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2019-ல் நம் பக்கத்துத் திருத்தணி வட்டாரத்தில், டிக்டாக்கில் ஒரு சாதியைத் திட்டி எடுத்த வீடியோ கொலையில் முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஆடியோ வாட்ஸ்அப்பில் பரவியது. ஊர் ஊராகக் கொந்தளித்து 144 தடை உத்தரவு போட வேண்டி வந்தது. இவை பெரியவர்கள் செய்தவை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளின் கணக்கு தனி. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி காட்டுகிறார்கள் என்று 2019-ல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு வந்ததும், பழைய நிலையே தொடரும் என்று அப்போதைய அமைச்சர் சொல்லிவிட்டார். 2022 ஏப்ரலில் திருநெல்வேலி மாவட்டம் பாப்பாக்குடி பக்கம் பள்ளக்கால் பொதுக்குடியில், கயிறு தொடர்பாக மாணவர்களுக்குள் மூண்ட மோதலில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பிள்ளை மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்து, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வெழுதப் போன பிளஸ் ஒன் மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்து வெட்டினார்கள். அவன் கைவிரல்கள் துண்டாயின. கபடியில் அவன் அணி ஜெயித்ததில் வந்த பகை என்று குடும்பத்தார் சொன்னார்கள். கபடி என்று படித்தபோது பாலாற்று மணல் என் கண் முன் வந்தது. நானும் தோற்ற எரிச்சலில்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். எங்கள் கையில் இருந்தது மணல் மட்டும்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது, சாதி காட்டும் கயிறும் மோதிரமும் கூடாது, மிதிவண்டிக்குச் சாதி வண்ணம் பூசக் கூடாது, பள்ளி வளாகத்தில் செல்போன் கூடாது என்று நீளமான பரிந்துரைகள். எல்லாம் வேண்டியவைதான். 2025 ஏப்ரலில், காலனி என்ற சொல் வசைச்சொல்லாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குகிறோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதுவும் வேண்டியதே. ஆனால் கயிற்றைப் பள்ளி வாசலில் அறுத்துப் போட முடியும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் இருக்கும் கயிற்றை எந்த ஆசிரியர் அறுப்பார்? ஆவணத்திலிருந்து ஒரு சொல் நீங்கினால், இன்னொரு சொல் ஸ்டிக்கரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் போன் எப்படி வேலை செய்கிறது என்று என் அக்கா மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். "மாமா, நீங்க லைக் போடவே வேண்டாம். ஒரு வீடியோவை எத்தனை நொடி நின்னு பார்க்கறீங்கன்னு அது எண்ணும். நின்னீங்கன்னா அதே மாதிரி இன்னொண்ணு கொடுக்கும்" என்றான். கோபம் வருகிற வீடியோவில் யாரும் நின்றுதான் போவார்கள். 2021-ல் ஃபேஸ்புக் நிறுவனத்திலிருந்து வெளியே வந்த ஃபிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி கொண்டுவந்த உள் ஆவணங்கள், கோபத்தைக் கிளறும் பதிவுகள் அதிகம் பரவுவது அந்த நிறுவனத்துக்கே தெரிந்திருந்ததைக் காட்டின. சாதிப் பாட்டில் கெட்ட வார்த்தை எதுவும் இருக்காது. சிங்கம் இருக்கும், வாள் இருக்கும், ஒரு தலைவரின் படம் இருக்கும். வெளியூர்க்காரனுக்கு அது ஏதோ சினிமாப் பாட்டு. நம் ஊர்ப் பிள்ளைக்குத்தான் அது யாரை மிரட்டுகிறது என்று புரியும். எந்த வடிகட்டியிலும் அது நிற்காது.

பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். அப்பா காலனிக்குப் போன அதே வழிதான், இப்போது தார்ச்சாலை. மாடி வீடுகள் வந்திருந்தன. பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அவன் அம்மா தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிறவர். எங்களுக்கு நாற்காலி போட்டார். இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்தார். பேரன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "நாங்க படிக்கறப்பவும் சொல்வாங்க சார். அழுதுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். வீட்டுக்குள்ள வந்துட்டா அது வெளியிலேயே நின்னுடும். எங்கம்மா சோறு போடுவாங்க, மறந்துடும். இவனுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள வருது. நான் எந்தக் கதவச் சாத்தறது?"

எனக்குப் பதில் வரவில்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை என்னைவிட அந்த அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாதி எங்கள் வாசலில் இருந்தது, டம்ளரில் இருந்தது, வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதற்கு நடுவே பிள்ளைகள் ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் இடமும் இருந்தது. ஆற்று மணல் ஓர் இடம். தறிக்கூடம் இன்னோர் இடம். அவனும் நானும் சில மத்தியானங்களில், அப்பா கண்ணயரும்போது, தார்க்குச்சிகளை அடுக்கி விளையாடியிருக்கிறோம். அவன் இல்லாமல் எங்கள் வீட்டில் புடவை முடியாது என்ற தேவை, அப்பாவை அவன் வீட்டு வாசல் வரை நடக்க வைத்தது. அது அன்பு இல்லைதான். ஆனாலும் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமாவது இருந்தது. இப்போது அந்த இடங்கள் அடைபட்டுவிட்டன. என் பேரனுக்கு அந்தப் பையனிடம் எந்த வேலையும் இல்லை. முகத்தைப் பார்க்காமலே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். முகத்தை வெட்டி ஸ்டிக்கர் செய்வதற்கு மட்டும் அந்த முகம் தேவைப்படுகிறது.

திரும்பி வரும் வழியில் பேரனிடம் கேட்டேன், "அந்தச் சொல்லை எங்கேடா கத்துக்கிட்டீங்க? ரீல்ஸ்லயா?"

அவன் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். பிறகு சொன்னான். "ரீல்ஸ்ல அந்த வார்த்தை வராது தாத்தா. வீட்டுல சொல்றதுதான். பாட்டி சொல்லும். நீங்ககூட ஒரு வாட்டி, ஓட்டு எண்ணறப்ப டிவி பார்த்துட்டுச் சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். மறந்துபோகும் அளவுக்குச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் கொடுமை. போன் அந்தச் சொல்லை உண்டாக்கவில்லை. எங்கள் வீட்டு மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்து நாற்பது வீடுகளுக்குக் கொண்டுபோனது. கொண்டுபோகும் வேகத்துக்குக் கம்பெனிக்காரன் பொறுப்பு. அவனிடம் அரசும் நீதிமன்றமும் கணக்குக் கேட்கட்டும், உரக்கவே கேட்கட்டும். சரக்குக்கு நாங்கள் பொறுப்பு.

என் வயதில் இருக்கிற தாத்தா பாட்டிகளுக்கும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பேரப்பிள்ளையின் போனைப் பிடுங்கிப் பூட்டி வைப்பது முதல் வேலை இல்லை. சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, கல்யாணப் பேச்சு பேசும்போது நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது சாதிப் பெருமை வீடியோ போட்டால், "இது வேண்டாம்" என்று பெரியவர்களே எழுதுங்கள். அந்தப் பையன் தனியாக எழுதிய வரி அதுதான். அதை எழுதுவதற்குப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இருந்த துணிச்சல் நமக்கு இருக்கட்டும். ஆசிரியர்களே, உதவித்தொகைக்கு யாரையும் வகுப்பில் எழுப்பி நிற்க வைக்காதீர்கள், தனியே கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுங்கள். ஒரு பிள்ளை காரணமில்லாமல் நாலு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளே, உங்களைப் பற்றி இப்படி ஒன்று வந்தால் அழித்துவிடாமல் படம் பிடித்து வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கோ, குழந்தைகளுக்கான 1098 எண்ணுக்கோ கூப்பிடுங்கள். சிரிக்கிற எமோஜி போடும் முன் அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தறியில் கோர்வை போட்டவன் 1983 வாக்கில் சென்னைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. என் பேரன் கேட்டான். அந்தப் பையன் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் அந்தக் குழுவில் தன் பெயரோடு, "நான் சிரிச்சது தப்பு" என்று எழுதினான். அதற்கு நாலைந்து பேர் அவனையும் ஸ்டிக்கர் செய்தார்கள். இரண்டு பேர் அவனைப் போலவே எழுதினார்கள்.

அந்தப் பையன் வேறு பள்ளிக்கு மாறிவிட்டான். அவன் முகத்தை வெட்டிச் செய்த ஸ்டிக்கரைக் குழுவிலிருந்து நீக்கியாயிற்று. சேமித்து வைத்தவர்களின் போன்களில் அது இன்னும் இருக்கிறது.